சுலோசனாவின் கைராசி

கார்த்திகைக் குளிரில் இட்லி மாவைப் பொங்க வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. கல்கத்தா கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸின் கடைசி பிளாக்கில், தரைத்தள வீட்டில், சுலோசனா வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, அரைத்த மாவில் கல்லுப்பைப் போட்டுக் கையால் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி போட்டால் மாவு ஏறாது, கைச்சூடு வேண்டும். அதிலும் எல்லார் கையும் உதவாது. ஆபீசர் வீட்டு அம்மாமார்கள் தங்கள் மாவு அசையாமல் கிடப்பதைப் பார்த்து அலுத்துப்போய், இவளிடம் தூக்குவாளியைக் கொடுத்துவிடுவார்கள்.

"உன் கையில என்னமோ இருக்குடி. நான் கம்பளி போத்தி, அடுப்பு பக்கத்துல வச்சும் பொங்கறதில்லை" என்பாள் அனந்தலக்ஷ்மி மாமி. மாமியின் கணவர் கஸ்டம்ஸில் பெரிய உத்தியோகம். மாமி சொன்னால் குவார்ட்டர்ஸில் அது சொன்னதுதான். மாமி புகழ்ந்த பிறகுதான் சுலோசனாவுக்கு மாவு வியாபாரமே நிலைத்தது.

இந்த வருஷம் அவளுக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. புருஷன் வேலாயுதம் முதல்முறையாக ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். டாக்கில் கிரேன் ஓட்டுகிறவன். பண்டிகை வந்தால் பாட்டிலும் வரும் என்று பேர் வாங்கியவன், திடீரென்று கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக நின்றான். பச்சைத் தண்ணீரில் குளித்தான். கிரேனின் இரும்பு ஏணியில் வெறுங்காலோடு ஏறினான். தனிப் பாயில் படுத்தான். பெற்ற பிள்ளை திருந்தியது போல சுலோசனாவுக்குப் பூரிப்பு. அவனைச் "சாமி" என்று கூப்பிட்டாள், தினமும் விடியலில் குளித்துவிட்டு வந்து அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மாலை போட்டவர் காலில் வயசு பார்க்காமல், உத்தியோகம் பார்க்காமல் விழுவது வழக்கம். வழியில் பார்க்கிற தமிழ்க்காரர்கள் எல்லாம் அவன் முன்னால் குனிந்தார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் காலை இழுத்துக்கொண்டான். அதையும் அவள் அடக்கம் என்றே நினைத்தாள்.

அன்று காலை கும்பிட வந்தவள் முகம் மலர்ந்திருந்தது.

"சாமி, ஒண்ணு சொல்லணும். இந்த மாசமும் நான் விலகல. நேத்து நர்ஸம்மாவும் பார்த்துட்டு உறுதிதான்னுட்டாங்க. ஐயப்பன் கண்ணைத் தொறந்துட்டாரு." சொல்லிக்கொண்டே குனிந்தாள்.

வேலாயுதம் தடாலென்று தரையில் உட்கார்ந்துவிட்டான். "தொடாத சுலோ. நான் சாமியில்ல."

"என்னங்க ஆச்சு?"

"பூஜா போனஸ் வாங்கின அன்னிக்கு கேங்கு ஆளுங்களோட டாக்குக்குப் பின்னாடி இருக்கிற சந்துக்குப் போனேன். குடிச்சிருந்தேன். அப்புறம் எனக்குப் புண்ணு வந்துச்சு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு மேக நோய்னு சொன்னாரு, ஊசி போட்டாரு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வான்னாரு." அவன் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டான். "எனக்கு வாய் வரல. உன் பக்கத்துல வராம இருக்க ஒரு சாக்கு வேணும். அதுக்குத்தான் இதைப் போட்டேன்."

சுலோசனாவுக்கு முதலில் பாதிதான் விளங்கியது. "அப்ப எனக்கும் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்னுதான் சொன்னாரு. வயித்துல பிள்ளை இருந்து, உடனே ஊசி போடலேன்னா அது தங்காதாம்."

அவள் எடுத்து வீசிய சொம்பு சுவரில் போய் மோதி உருண்டது. அன்று முழுக்க மாவைப் பிசைந்தாள், பிசைந்தாள், மாவு நீர்த்துப்போகிற மட்டும் பிசைந்தாள். நடுவில் அழுதாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாய் துடித்தது. ஆனால் கேட்கப்போன இடத்திலெல்லாம் விருத்தாசலத்தில் இருந்த அக்காள்தான் குறுக்கே வந்து நின்றாள். அத்தான் லாரி ஓட்டினவர். அக்காளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் குறைப்பிள்ளை, செத்த பிள்ளை. ராசி கெட்டவள் என்று ஊரே சொன்னது. அத்தானுக்கு என்ன நோய் என்று டாக்டருக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். அக்காளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் அவள் வேப்பமரத்துக்குத் தொட்டில் கட்டிக்கொண்டே இருந்தாள்.

இவன் சொல்லிவிட்டான். தப்புப் பண்ணினான், சாமியைச் சாட்சிக்கு வைத்து ஏமாற்றினான், ஆனாலும் பிள்ளை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சொல்லிவிட்டான். இரவுச் சோற்றை அவன் முன்னால் வைக்கும்போது அவளுக்குக் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில், அவளே வெட்கப்படும்படி, நன்றியும் இருந்தது.

"மாலையைக் கழட்டிடறேன் சுலோ."

"போட்டதைக் கழட்டினா தெய்வக் குத்தம். இனிமேலாவது நெசமா இருங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு வரும் ஆண்களுக்குப் பின்பக்கச் சந்தில் தனி வாசல். கப்பல்காரர்களும் கூலிக்காரர்களும் கூச்சப்படாமல் வந்துபோக வேண்டும் என்று யாரோ நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. வேலாயுதம் முன்பு அந்த வழியாகத்தான் போய்வந்திருந்தான். பெண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நடைபாதையில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே நோயின் பெயரை வங்காளியிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதிய போர்டு. ஆண்கள் அந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்று வார்டு ஆள் வேலாயுதத்தைப் பின்சந்துக்கு அனுப்பிவிட்டான்.

சுலோசனா போர்டுக்குக் கீழே தனியாக உட்கார்ந்தாள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த அனந்தலக்ஷ்மி மாமி அவளைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தாள். பிறகு நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு, பெஞ்சை விட்டு ஒதுங்கி நடந்து போனாள்.

உள்ளே ஊசி போட்ட சிஸ்டர் ஒரு வங்காளிப் பெண். சுலோசனாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "பயப்படாதே தீதி" என்று, அக்கா முறை வைத்து, வங்காளியில் மெதுவாகச் சொன்னாள். "இது தீர்கிற நோய்தான். உன் பிள்ளைக்கு ஒன்றும் வராது. நல்ல நேரத்தில் வந்தாய். இங்கே முக்கால்வாசிப் பேர் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். உன் புருஷன் சொன்னானே, அது பெரிய விஷயம்."

அந்தக் கைச்சூட்டை சுலோசனா வீடு வரைக்கும் கொண்டுவந்தாள். வழியில் வேலாயுதத்திடம், "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணுங்க" என்றாள். ஊசி போட்ட இடம் கடுத்தது. அதுகூட அவளுக்கு நல்ல வலியாக இருந்தது.

அந்த வாரமே தூக்குவாளிகள் வருவது நின்றது. முதலில் மாமி வீட்டு வாளி. "கிரைண்டர் வாங்கியாச்சுடி, இனிமே வேண்டாம்" என்று மாமி வாசற்படியிலேயே சொல்லிவிட்டாள். மறுநாள் இன்னொரு வீடு, அப்புறம் மற்ற வீடுகள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில் சுலோசனாவின் காதிலும் அது விழுந்தது.

"பாவம், அந்த மனுஷன் மாலை போட்டுண்டு விரதமா இருக்கார். இவ எங்க போய் வாங்கிண்டு வந்தாளோ! அந்தக் கையால பெசஞ்ச மாவைன்னா நாம சாப்பிட்டுருக்கோம்!"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பக்கெட்டை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வேலாயுதத்திடம் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

"நான் போய்ச் சொல்லிடறேன். என்னாலதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்" என்றான் அவன்.

"சொன்னா குருசாமி மாலையைக் கழட்டச் சொல்வாரு. டாக்குல உங்களைக் கேவலமாப் பார்ப்பாங்க. வேணாங்க. எனக்குச் சொன்னீங்கல்ல, அது போதும். பிள்ளை பொழைச்சுக்கிச்சு."

மனசாரத்தான் சொன்னாள். அவன் இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அவன் ஒரு தடவைதான் கேட்டான்.

மார்கழியில் இருமுடி கட்டும் நாள் வந்தது. சுலோசனாவுக்கு இன்னும் மாசம் ஏறாததால் வேலாயுதம் மலைக்குப் போகத் தடையில்லை என்று குருசாமி துரைசாமி சொல்லியிருந்தார். மாலையில் ஹவுராவில் ரயிலேற வேண்டும். குவார்ட்டர்ஸ் மண்டபத்தில் சூடமும் நெய்யும் மணத்தன. போன வருஷம் வரைக்கும் இந்தப் பூஜைக்கு இட்லி என்றால் சுலோசனாவின் மாவுதான். இந்தத் தடவை உப்புமா போதும் என்று முடிவாகியிருந்தது. அது தெரியாமல் அவள் அரைத்துக் கலக்கி வைத்த மாவு, வீட்டு மூலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது.

வேலாயுதம் மனையில் நின்றான். "சாமியே சரணம் ஐயப்பா!" என்று மண்டபம் அதிர்ந்தது. சுலோசனா ஓரமாக நின்று கைகூப்பினாள். வேண்டிக்கொள்ள அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சிஸ்டருக்காக, பிள்ளைக்காக, வாயைத் திறந்து சொன்ன புருஷனுக்காக, நன்றி சொல்லத்தான் தோன்றியது. கண்ணில் நீர் வழிந்தது.

அனந்தலக்ஷ்மி மாமி அரிசித் தட்டோடு முன்னால் வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வேலாயுதத்தின் காலில் விழுந்தாள். அவன் பின்வாங்கினான். சுவர் தடுத்தது. மாமி விடாமல் அவன் பாதங்களை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் சுலோசனாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"சம்சாரம் வந்து அரிசி போடலாம்" என்றார் குருசாமி.

சுலோசனா வந்து தட்டை நோக்கிக் கை நீட்டினாள். மாமி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் காலைத் தொட்ட அதே கையால் ஒரு பிடி அரிசியை அள்ளி, மேலே தூக்கி, படாமல் சுலோசனாவின் கையில் போட்டாள். கொஞ்சம் தரையில் சிதறியது. சுலோசனா குனிந்து, சாமிக்கான அரிசியாயிற்றே என்று, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.