மெஷின்ல எங்க தகராறு?

புதிய இணையக் கடை திறந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அண்ணன் கடைத் தொலைபேசியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து ஒரு கால் வரல. லைன் செத்துப்போச்சு" என்றான். அவன் முறைத்த முறைப்பில், லைனைக் கொன்றவளே நான்தான்.

எங்களுடையது தையல் மெஷின் உதிரி பாகங்கள் விற்கும் கடை. பழைய இணையக் கடையை யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் செய்து கொடுத்திருந்தார்கள். திறந்ததும் திரையில் பட்டாம்பூச்சி பறக்கும். அப்புறம் நானூறு பாகங்களும் எண் வரிசையில் வந்து நிற்கும். எந்தத் தையல்காரருக்கு ஐயா பாகத்தின் எண் தெரியும்? எல்லாரும் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அவனும் ராஜா மாதிரி உட்கார்ந்து நாளுக்கு எழுபது பேருக்குப் பதில் சொன்னான். மூச்சுவிட நேரமில்லை என்று அலுத்துக்கொள்வான், ஆனால் ரிசீவரை அண்ணியைக்கூடத் தொட விடமாட்டான். லைன் கிடைக்காதவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் மாற்றிச் செய்கிறேன் என்றதற்கு, "திறந்து ஒரு வாரம் பாப்பேன். சரிவரலன்னா பழசையே போட்டுருவேன்" என்றான். நாலு மாசம் பிடிக்கிற வேலைக்கு ஒரே ஒரு வாரம்! பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கூப்பிடுகிறவர்கள் சொல்வதையும் அவன் திருப்பிக் கேட்பதையும் நோட்டில் எழுதினேன். ஒருவர்கூட பாகத்தின் பெயரைச் சொல்லவில்லை. துணி நகரவில்லை, கீழ்நூல் சிக்குகிறது, டக்டக்கென்று சத்தம் வருகிறது, இப்படித்தான் சொன்னார்கள்.

பின்னறையிலிருந்து அண்ணி விரலில் டேப் ஒட்டிய கையோடு வந்தாள்.

"ரெண்டு பேரும் போனுக்கு வைத்தியம் பாக்குறீங்களா? முப்பது பார்சல் கட்டிட்டேன், இன்னும் பதினாறு ஆர்டர் நிக்குது. அட்டைப்பெட்டி தீந்துபோச்சு!"

அண்ணன் போனைக் கீழே வைத்தான். இத்தனை நாள் எட்டிக்கூடப் பார்க்காதவன், அன்றுதான் என் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். பட்டாம்பூச்சி இல்லை. பெரிதாக ஒரு தையல் மெஷின் படம். மேலே ஒரே கேள்வி: மெஷின்ல எங்க தகராறு?

ஊசிக்குக் கீழே தொட்டான். 'துணி நகரலையா, நூல் சிக்குதா?' என்று வந்தது. நூலைத் தொட்டான். 'மேல்நூலா, கீழ்நூலா?' மூன்றாவது தொடுதலில் சரியான பாகம் வந்து நின்றது. அவன் வாய் முணுமுணுத்தது.

"இதெல்லாம் நான் கேக்குற கேள்வியாச்சே?"

"பின்ன? உன்ன விட்டா இப்படிக் கேக்க யாருக்குண்ணா தெரியும்?"

அப்போது போன் அடித்தது. மூவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தோம். அண்ணன் பாய்ந்து எடுத்தான். வழக்கமாகப் பேசும் தையல்கார அம்மா. ஒரு பாகத்துக்கு மூன்று தடவை கூப்பிடுகிறவர்.

"ஆர்டர் போட்டுட்டீங்களா? நீங்களேவா? அப்ப எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினான்.

"ஐயோ, அந்த நன்றி எனக்கில்லம்மா" என்றான் கடைசியில். "என் தங்கச்சி பண்ணினது. இருங்க, அவகிட்டயே சொல்லுங்க."

ரிசீவரைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினான். சுருள் ஒயர் மேசையின் இந்தக் கோடி வரை இழுபட்டு நின்றது.