கீழ்த்தட்டில் இருந்த பெட்டி

அந்தக் கடையில் நான் வாயைத் திறந்தேனா இல்லையா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. திறந்ததாகத்தான் நினைவு. "நீங்க எங்க பேசினீங்க? விலைச்சீட்டைப் படிச்சிக்கிட்டு நின்னீங்க" என்கிறாள் என் மனைவி. அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தெளிவாகவே ஞாபகம் இருக்கிறது.

எனக்குப் பாட்டு பிடிக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வருகிற அமைதி அதைவிடப் பிடிக்கும். எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அந்த அமைதி மட்டும் கிடைக்கவில்லை. ஸ்பீக்கர்களில் எந்நேரமும் ஒரு ரீங்காரம். போதாக்குறைக்கு, ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் 'டப்' என்று ஓர் அடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வந்தார். எங்கள் குடும்பத்தில் ஆடியோ விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆம்ப்ளிஃபையருக்குத் தனி பிளக் வேண்டும், டிவியை எதிர்ச்சுவருக்குத் தள்ளு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார்.

"என்ன மாப்ளை, உள்ள தேனீ வளர்க்கிறீங்களா?"

"கரண்ட் சரியில்லை போல, மச்சான்."

"பவர் கண்டிஷனர் வாங்கிடுங்க. கரண்டை வடிகட்டி அனுப்பும். என்கிட்ட இருக்கே, அதே மாடல். கிளம்புங்க."

"முதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்க்க விடுண்ணா" என்றாள் என் மனைவி.

"நீ லிஃப்டைப் பாரு. இது வேற."

அவள் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடமாக. எங்கள் வட்டாரத்தில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் முதல் போன் அவளுக்குத்தான் வரும். ஆனால் அவள் அண்ணன் வெளியாட்களிடம் "தங்கச்சி ஆபீஸ்ல இருக்கு" என்றுதான் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் கிரீஸ் ஏறிய தன் நகங்களைப் பார்த்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "என் வேலையோட பேரை அவன் வாயால ஒரு தடவை சொல்லிட்டா போதும்ங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஆண்கள் இருவரிடம் மட்டும் பேசினார். அலமாரியின் நடுத்தட்டில், மச்சானிடம் இருக்கும் அதே மாடல்: நீல விளக்கும் வோல்டேஜ் காட்டும் முள்ளும் வைத்த பெட்டி. அதன் விலைக்கு என் ஆம்ப்ளிஃபையர் இரண்டு வாங்கலாம்.

"இதைப் போட்டா சவுண்டு அப்படியே விரியும் சார்."

"கேட்டீங்களா மாப்ளை?"

"மின்னல் கின்னல் அடிச்சு உள்ள இருக்கிற பாதுகாப்பு எரிஞ்சுபோச்சுன்னா, கரண்ட் நின்னுடுமா, இல்ல அப்படியே போய்க்கிட்டிருக்குமா?" என்று கேட்டாள் என் மனைவி.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "மேடம் எதுல இருக்காங்க சார்?"

"ஆபீஸ்ல" என்றார் மச்சான்.

இங்கேதான் நான் பேசினேன் என்று நினைக்கிறேன். "கேட்டவங்களைப் பார்த்துப் பதில் சொல்லுங்க" என்று. மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம். அதனால் வெளியே சொன்னதாகவே பதிந்துவிட்டதோ என்னவோ. எப்படியோ கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"அது தெரியலையே மேடம்."

அவள் குந்தி உட்கார்ந்து, கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்தாள். அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை வரிவிடாமல் படித்தாள்.

"இதுல கரண்ட் நின்னுடும்னு போட்டிருக்கான். ஃபில்டர் இருக்கு, இரும்பு உடம்பு, எர்த் இருக்கு. நம்ம ஆம்ப் இழுக்கிறதைப்போல மூணு மடங்கு தாங்கும். இது போதுங்க."

"முள்ளு இல்லையே" என்றார் மச்சான்.

"முள்ளு பார்க்கத்தான் வீட்டுல கடிகாரம் இருக்கே."

கடைக்காரர் சிரித்துவிட்டார். மச்சான் சிரிக்கவில்லை. "இதை மாட்டியும் ரீங்காரம் போகலைன்னா?"

"டப் போகும். ரீங்காரம் எதனாலன்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"சில பேர் பிளக்குல இருக்கிற எர்த் பின்னையே உடைச்சிடுவாங்க மேடம். சத்தம் போயிடும்" என்றார் கடைக்காரர்.

"ஆளும் போயிடுவான்."

வீட்டுக்கு வந்து மாட்டினோம். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்வரை காத்திருந்தோம். டப் வரவில்லை. ரீங்காரம் அப்படியே இருந்தது. மச்சான் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

அவள் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் படுத்து, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். மூன்றாவதைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றது. மாட்டினாள், வந்தது. பிடுங்கினாள், நின்றது. அது டிவியிலிருந்து வரும் ஒயர்.

"டிவி பிளக்கை எதிர்ச்சுவத்துல போடச் சொன்னது யாரு?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டு சுவத்துக்கும் எர்த் வேற வேற வழியில வருது. இந்த ஒயர் நடுவுல பாலம் போட்டிருக்கு. அதுல ஓடுற கரண்டைத்தான் இத்தனை நாளா பாட்டோட சேர்த்துக் கேட்டுக்கிட்டிருந்தீங்க."

எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை இழுத்து, டிவியின் பிளக்கையும் அதே சாம்பல் பெட்டியில் செருகினாள். ஒயரைத் திரும்ப மாட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பாட்டை ஓடவிட்டு முடியும்வரை இருந்தேன். பிறகு வந்ததே, அந்த அமைதி! அதில் நாங்கள் மூவரும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. அதை உண்டாக்கியவள் என் மனைவி என்று நினைக்க நினைக்க எனக்கு முதுகு நிமிர்ந்துகொண்டே போயிற்று.

மச்சான்தான் கனைத்தார். "என் வீட்டுலயும் டிவி எதிர்ச்சுவத்துலதான் இருக்கு."

"அங்கயும் ரீங்காரம் இருக்கா?"

"லேசா. அது அந்தப் பெட்டியோட தரம்னு நினைச்சேன்."

அவள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அதைச் சரிசெய்ய அவர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு; நான் முன்பே போய்விட்டேன். அவள் எங்கோ நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டை இறக்கிவிட்டு, கம்பெனிச் சட்டையோடும் கருவிப்பையோடும் நேராக வந்தாள். மச்சானின் நண்பர்கள் மூவர் பாட்டு கேட்க வந்திருந்தார்கள். அவள் வந்ததும் ஆம்ப்ளிஃபையர் வைத்த ரேக்குக்குப் பின்னால் புகுந்தாள்.

"யாருப்பா இது, எலக்ட்ரீஷியனா?" என்றார் ஒருவர்.

மச்சான் அவளுடைய கருவிப்பையைப் பார்த்தார்.

"என் தங்கச்சி. லிஃப்ட் மெக்கானிக்." பிறகு, யாரும் கேட்காமலே, "பதினோரு வருஷமா" என்றார்.

ரேக்குக்குப் பின்னால் அவள் கை ஒயரில் அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

"அண்ணா, டார்ச்சைப் பிடி."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து பிடித்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. மச்சான் முள் வைத்த பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார். டிவியும் அதில்தான் ஓடுகிறது. அந்தக் கடைக்காரர் இன்னொரு கடையும் போட்டுவிட்டார். சாம்பல் பெட்டி ஒரு மழைநாளில் மின்னலை வாங்கிக்கொண்டு, அவள் படித்துச் சொன்னபடியே, தானாக நின்றுபோனது. ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மாடலில் இன்னொன்று வாங்கினோம். என் மனைவியின் கீழ் இப்போது ஒன்பது மெக்கானிக்குகள் வேலை செய்கிறார்கள். நான் சாயங்காலங்களில் பாட்டு கேட்கிறேன்.