சிவப்புக் கட்டங்கள்

“எழுத்துக் கூட்டியாவது படிக்க வருமா உனக்கு?” வேலைக்குச் சேர்ந்த அன்று ஆஸ்பத்திரி மேலாளர் என்னைக் கேட்டார். எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். அதைச் சொல்வதற்குள் வராது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அதனால் நான் தரை துடைக்கும்போது யாரும் கம்ப்யூட்டர் திரையை மறைப்பதில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு வார்டில் பினாயில் நெடி மூக்கை அறுக்கும். என் சித்தி அங்கே நர்ஸ். சக்கரம் தேய்ந்த மேஜையில் கம்ப்யூட்டரை ஏற்றி, இடுப்பால் முட்டித் தள்ளிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவாள். கையில் பிரஷர் பட்டை சுற்றுவாள், விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டுவாள், வந்த எண்ணைத் திரையில் அவரவர் கட்டத்தில் போடுவாள். நாற்பது படுக்கை. ஐந்து நர்ஸ் இருந்த இடத்தில் இப்போது சித்தியும் மூத்த நர்ஸும் மட்டும். ஆறு மணிக்குள் நிரம்பாத கட்டம் மேலாளரின் திரையில் சிவப்பாக எரியும்.

அதற்கு எல்லாரும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ‘முன்பு போலவே’ என்றொரு பொத்தான். அழுத்தினால் போன வேளை எண்ணே இந்த வேளைக்கும் வந்து உட்காரும்.

போன வாரம் பதினேழாம் படுக்கை லாரி டிரைவருக்கு மூத்த நர்ஸ் இரண்டு வேளை அதை அழுத்திவிட்டார். திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு. மூன்றாம் வேளை சித்தி கிளிப்பை மாட்டினாள், எண்பத்திரண்டு. உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டரை இழுத்து வந்து காப்பாற்றினாள். வேளாவேளைக்கு நிஜ எண் இருந்திருந்தால், இறங்குவது முதல் வேளையிலேயே திரையில் தெரிந்திருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினாள்.

அதன்பின் சித்தி அந்தப் பொத்தானைத் தொடவில்லை. நேரம் போதாமல் தான் பார்க்காமல் விட்ட நோயாளிகளின் கட்டங்களைக் காலியாகவே விட்டாள்.

நான்காம் நாள் காலை மேலாளர் வேலைநீக்கக் கடிதத்தோடு வந்தார். சித்தியின் சம்பளம் நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. துடைப்பத்தைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“பதினோரு கட்டம் காலி. தூங்கிட்டியாம்மா?”

“பார்த்ததைத்தான் போட்டிருக்கேன் சார். நாப்பது பேருக்கு ரெண்டு பேர்.”

“ஒரு பொத்தானை அமுக்க விரல் வலிக்குதா?”

“எனக்கு வலிக்காது. பதினேழாம் படுக்கைக்குத்தான் வலிச்சுது.”

டிரைவர் மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார்ந்தார். பிரேக் பார்க்காமல் வண்டி எடுத்தால் தன் முதலாளியே செருப்பைக் கழற்றுவார் என்றார். வார்டே சிரித்தது.

மேலாளர் முகம் கறுத்தது. கட்டங்களை நிரப்பச் சொல்லி மூத்த நர்ஸுக்கு உத்தரவு போட்டார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தான் அந்த நர்ஸுக்கு. முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். எப்போதும் போல ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். காலிக் கட்டங்களின் குறிப்பில் விழுந்தது: ‘பார்க்கவில்லை. ஆள் பற்றாது.’ கீழே அவர் பெயர். பிறகு பதினேழாம் படுக்கையின் பதிவைத் திறந்தார். ‘போன வாரம் இரண்டு வேளை நான் பார்க்காமலே எண் போட்டேன்.’

“அழிங்க அதை.”

“அழிக்கலாம் சார். யாரு, எத்தனை மணிக்கு அழிச்சாங்கன்னு அதுவும் உள்ளேயே நிக்கும். நீங்க வாங்கிக் கொடுத்த மிஷின்தானே?” என்றார் மூத்த நர்ஸ்.

பகல் முறைக்கு வந்த நர்ஸுகள் வாசலில் கூடிவிட்டார்கள். என்ன நடந்தது என்று சித்தி சொன்னாள். பிரசவ வார்டு நர்ஸ் பையைக்கூட இறக்கவில்லை. இனி தங்கள் வார்டிலும் அந்தப் பொத்தானை யாரும் தொட மாட்டார்கள் என்றாள். குழந்தைகள் வார்டிலிருந்து வந்தவளும் அதையே சொன்னாள். மூத்த நர்ஸ் முக்காலியிலிருந்து எழுந்தார்.

“கடிதம் கொடுக்கிறதுன்னா எல்லாருக்கும் சேர்த்து அடிச்சுட்டு வாங்க சார். இல்லன்னா இன்னும் மூணு நர்ஸைப் போடுங்க.”

மேலாளர் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலை அடைத்து நின்றவர்கள் ஒரு ஆள் போகும் அளவுக்கு மட்டும் ஒதுங்கினார்கள். தோளை ஒடுக்கிக்கொண்டு அவர் வெளியே போனார்.