திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சபாஷ்

மூத்தவளுக்கும் இடுப்பு வலி, இளையவளுக்கும் இடுப்பு வலி என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். மாமனார் காதில் விழும்படி வேறு எப்படிச் சொல்வது? ஓரகத்திகள் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறி, ஒரே பிசியோதெரபி நிலையத்துக்குப் போய், ஒரு பச்சைத் திரையின் இருபுறமும் படுத்தார்கள்.

மூத்தவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு போன்ற ஒன்று வெளியே படர்ந்து அடிவயிற்றைப் பிய்த்தெடுக்கும் நோய். ஒருமுறை அறுவை நடந்தும் வலி விடவில்லை. "பயிற்சி செஞ்சு பாருங்க. அடங்கலைன்னா மறுபடி ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அந்த 'மறுபடி' அவள் காதிலேயே நின்றது.

பிசியோ மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நோயை நான் எடுத்துட முடியாது. ஆனா வலிக்குப் பயந்து பயந்து உங்க அடி இடுப்புத் தசை முஷ்டி மாதிரி மூடிக்கிட்டிருக்கு. அதைத் திறக்கப் பழகலாம்."

முழங்காலுக்கடியில் தலையணை. வயிறு உப்ப மெல்ல மூச்சு. அவ்வளவுதான் பயிற்சி.

திரைக்கு அந்தப் பக்கமோ அமர்க்களம். "இறுக்குங்க, பிடிங்க, விட்டுடாதீங்க... சபாஷ்!"

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இளையவள் இரண்டு பெற்றவள். அந்தக் கொடுப்பினை போதாதென்று இங்கேயும் அவளுக்கே சபாஷ்.

"எனக்கு மட்டும் சும்மா படுத்து மூச்சு விடற வேலை" என்று கணவனிடம் பொருமினாள்.

"மூச்சு விடறதுலகூடவா போட்டி?" என்றான் அவன்.

ஆட்டோவில் இளையவள், "இப்ப எவ்வளவோ பரவாயில்லக்கா" என்றாள். மூத்தவள் 'ம்' என்றாள்.

அன்றே மூச்சுப் பயிற்சியை மூட்டை கட்டினாள். திரை வழியே கேட்டதைப் பிடித்துக்கொண்டாள். காய் நறுக்கும்போது இறுக்கினாள், பேருந்துக்கு நிற்கும்போது இறுக்கினாள், அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். வலி ஏறியது. பலன் தெரியும் முன் அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் இறுக்கினாள். கடைசியில் உட்காரவே முடியாமல் நின்றபடி வேலை பார்த்தாள். கணவன் அவளைக் கேட்காமலே ஆபரேஷனைப் பற்றிப் பேச டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். மறுபடி.

அடுத்த முறை பிசியோ மேடம் அவள் அடிவயிற்றில் கை வைத்ததும் முகம் மாறினார். "கல்லு மாதிரி இருக்கே! வீட்ல என்ன பண்றீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்."

"நானா?"

"அவளுக்குச் சொன்னதை." கண்ணால் திரையைக் காட்டினாள்.

"அது அவங்களுக்குச் சொன்னது. ஏன்னு நான் சொல்லக் கூடாது."

"நான் சொல்றேன்க்கா" என்றது திரை. "எனக்கு இடுப்பு வலியே கிடையாது. ரெண்டாவது பிறந்ததுலேர்ந்து தும்மினா ஒண்ணுக்கு நிக்காது, சிரிச்சா நிக்காது. நீங்க ஜோக் சொல்றப்ப எழுந்து ஓடுவேனே, கோவிச்சுக்கிட்டா ஓடினேன்? இதை வீட்ல எந்த வாயால சொல்றது? அதான் உங்க வலி பேரை எடுத்து வச்சுக்கிட்டேன்."

மூத்தவள் திரைப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"எனக்கும்தான் பொறாமை. நீங்க படுத்தா வீடே குரலைத் தாழ்த்துது. நான் ஓடினா எல்லாரும் சிரிக்கிறாங்க."

"அவங்களுக்குத் தளர்ந்திருக்கு, உங்களுக்கு இறுகியிருக்கு. அவங்க மருந்தை நீங்க சாப்பிட்டிருக்கீங்க" என்றார் மேடம். "டாக்டர்கிட்ட நடந்ததை அப்படியே சொல்லுங்க. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நானும் பேசறேன். இப்ப மூச்சு."

மூத்தவள் கண்ணை மூடினாள். மேடத்தின் கை வயிற்றில் இருந்தது. குரல் மட்டும் திரைக்குப் போனது. "அங்க பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சாச்சு மேடம்."

"சபாஷ்!"

கை நின்றது. "இதோ, இப்ப இறுக்கினீங்க. என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

கை நகரவில்லை.

"...அவளைத்தான்."

"கேட்டுடுச்சு! அக்கா, சிரிக்க வைக்காதீங்க, பிடிச்சிட்டிருக்கேன்!"

மூத்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிறு குலுங்கியது. குலுங்கி முடித்தபோது, உள்ளே வெகு நாளாக மூடிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது.

"இதான். அப்படியே விடுங்க" என்றார் மேடம்.

மூத்தவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். இதற்கும் சபாஷ் வரவில்லை.