எட்டு சதவீதம்

மாப்பிள்ளை ஷூவைக் கழற்றாமல் உப்பளத்து வரப்பில் ஏறினார். மாமியாருக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

மீதி அவர் கையில் இருந்தது. சிறிய உப்பளங்கள் கட்டுப்படியாகுமா என்று ஆராய்ந்து அவரே எழுதிய நாற்பது பக்க அறிக்கை. நாற்பதில் ஒரு பக்கத்திலும் வெயில் இல்லை.

"அத்தை, ஆறு பாத்தி வச்சும் நீங்க ஏன் தேறலைன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்படியா மாப்பிள்ளை? இருபத்தெட்டு வருஷமா எனக்கே தெரியாம இருந்திருக்கு. சொல்லுங்க."

"உப்பு விளைஞ்சதும் பாத்தியில மிச்சம் நிக்கிற தண்ணிய வடிச்சு விட்டுடறீங்க. அதுல எட்டு சதவீதம் சரக்கு போகுது!"

"அது கசப்புத் தண்ணி மாப்பிள்ளை."

"கடல் தண்ணி எல்லாமே கசப்புதான் அத்தை."

மாமியார் மகளைப் பார்த்தாள். மகள் வானத்தைப் பார்த்தாள்.

"அவர் சொல்றபடி ஒரே ஒரு பாத்தி பண்ணிப் பாரேம்மா. உனக்கும் முட்டி வலி. இது சரியா வந்தா ஆறையும் அவர் பேருக்கு எழுதிடு. வரலைன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பத்திரத்தைக்கூடத் தயாராகக் கொண்டுவந்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"சரி. ஆனா அந்தப் பாத்திய நான் தொட மாட்டேன். கெடுத்துட்டேன்னு நாளைக்கு என் தலையில போடக் கூடாது பாருங்க."

மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு பதினொரு நாள் காவல் காத்தார், தண்ணீர் எழுந்து ஓடிவிடும் என்பதுபோல. அடியில் கடைசிவரை வற்றாமல் பிசுபிசுத்ததையும் விடாமல் சுரண்டி உப்போடு சேர்த்து மூட்டை கட்டினார். எடை போட்டபோது கூடுதலாகவே இருந்தது.

"பாத்தீங்களா அத்தை?"

"பாத்தேன் மாப்பிள்ளை. கண் கூசுது."

நான்கு நாள் கழித்து, வழக்கமாக உப்பு வாங்கும் கருவாட்டுக்காரி வந்தாள். கொட்டகையில் மாமியாரின் மூட்டைகள் காய்ந்து கிடந்தன. மாப்பிள்ளையின் மூட்டைக்கு அடியில் மட்டும் குளம் கட்டியிருந்தது. அவள் கையை விட்டுக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"யாரு அக்கா இதை வாரினது?"

"எங்க மாப்பிள்ளை. படிச்சவர்."

"அதானே பார்த்தேன். கசப்புத் தண்ணிய வடிக்காம விட்டிருக்கார். காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வச்சிருக்கு பாரு. இதைப் போட்டா என் மீன் காயாதுக்கா, உக்காந்து அழும். சும்மா குடுத்தாலும் வேணாம்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மூட்டையோட தரம் சரியில்ல. அறிக்கையில சாக்கு பத்தி ஒரு பக்கம் சேர்க்கணும்."

மகள் அவர் கையிலிருந்த அறிக்கையை வாங்கி, பத்திரத்தையும் அதன்மேல் வைத்து, சொட்டும் மூட்டைக்கு அடியில் செருகினாள்.

"ஏய்! துணி ஒண்ணும் கிடைக்கலையா?"

"இருக்கு. இது நல்லா உறிஞ்சுது."

மாமியார் அடுத்த பாத்திக்கு நடந்தாள். உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்து நின்றது. வரப்பை மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி மடை திறந்தாள். கசப்புத் தண்ணீர் பழுப்பாகச் சரிந்து ஓடியது.

"மாப்பிள்ளை! உங்க எட்டு சதவீதம் கிளம்பிடுச்சு. வந்து வழியனுப்புங்க. ஷூவைக் கழட்டிட்டு வாங்க."