உப்பு கழுவிய நிலம்

மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே ஓடைக்கரையில் கிடந்த அந்த நிலத்தில் உவர்மண்ணில் வளரும் உமிரிச் செடியைத் தவிர எதுவும் முளைத்ததில்லை. ஓதம் ஏறினால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். வடிந்தால் மண்ணில் உப்புப் பூக்கும். சண்முகசுந்தரியின் அப்பா அதை மகன் வெள்ளத்துரை பெயருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்மூடினார். வெள்ளத்துரை கனடாவில், நோவா ஸ்கோஷியாவில் லாரி ஓட்டினான். கணவனைப் பிரிந்து வந்த சுந்தரி அப்பா வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவன் லாரியை ஓரங்கட்டி, போனில் பச்சைவெளி ஒன்றைக் காட்டினான்.

“ஏளா சுந்தரி, இதெல்லாம் ஓதம் ஏறி எறங்குன சேறு. அந்தக் காலத்துல பிரான்சுல இருந்து வந்த சனங்க கரை போட்டு எடுத்திருக்காவ. இங்கன ஓதம்னா மாடி உசரத்துக்கு வரும், பாத்துக்கோ. கரைக்கு அடியில மரக்குழாய் வச்சு, அதுல ஒரு கதவு. மழைத்தண்ணி வெளிய போவும். கடல்தண்ணி தள்ளுனா தானா மூடிக்கிடும். ரெண்டு மூணு வருச மழையில உப்பு கழுவிப் போயி, கோதுமை வெளைஞ்சிருக்கு.”

“நம்ம நிலத்துலயும் செய்யலாமாண்ணே?”

“செய்யேன். எனக்கு எதுக்கு அது? உனக்குத்தான்.”

அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமாயிருந்தது. பக்கத்து வீட்டு வடிவம்மாளைக் கூட்டிக்கொண்டு மண் சுமந்தாள். பிளாஸ்டிக் குழாய் பதித்து, பழைய டயரை வெட்டிக் கதவாக மாட்டினாள். முதல் மழையிலேயே கரை உடைந்தது. வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சுந்தரி மறுபடியும் கூடையை எடுத்தாள். மூன்றாம் வருடம் கம்பு நின்றது, அவள் தோளுயரத்துக்கு.

தை மாதம் வெள்ளத்துரை ஊருக்கு வந்தான். கரையில் ஏறி நின்று கதிரைக் கையில் பிடித்தபோது அவன் கண் கலங்கியது. சுந்தரிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அடுத்த வாரம் தரகர் பேச்சிராஜா இரண்டு பேருடன் வந்து நிலத்தை அளந்தார்.

“அண்ணன் ஒண்ணும் சொல்லலையாம்மா? குடோன் வருது. முந்தி தண்ணி ஏறுத இடம்னு எவனும் சீண்டல. இப்பந்தான் கரை இருக்குல்லா!”

அவள் வீட்டுக்கு வந்தபோது வெள்ளத்துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நிலத்தை வித்துட்டியாண்ணே?”

“அங்கன வீடு வாங்கணும்ளா. உனக்கும் பாத்துச் செய்வேன்.”

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு அவன் பக்கத்தில் வைத்தாள். பிறகு, “அந்தப் பிரான்சு சனங்க? அவுக வாரிசுதான் இன்னும் அந்த வெளியில வெவசாயம் பாக்காவளா?” என்றாள்.

வெள்ளத்துரை தட்டையே பார்த்தான்.

“இல்லளா. இங்கிலீசுக்காரன் அவுகளக் கப்பல்ல ஏத்தி வெரட்டிட்டான். குடும்பங்குடும்பமாப் பிரிஞ்சு போனாவ. வெளைஞ்ச நிலத்துல வேற ஆளுகளக் கொண்டாந்து குடி வச்சான்.”

“அவுகளுக்கு முந்தி அங்கன யாரும் இல்லையா?”

“மிக்மாக்குன்னு ஒரு சனம். காலங்காலமா இருந்தவுக. அவுக எடமும் போச்சு.”

“எல்லாந் தெரிஞ்சிருக்கு உனக்கு. என்கிட்ட பாதிதான் சொல்லியிருக்க.”

“அது சரித்திரம்ளா. இது நம்ம குடும்பம்.”

“ஆமா,” என்றாள் சுந்தரி. “அதான் நம்பினேன்.”

பால் முற்றாத கதிரை அவளும் வடிவம்மாளும் அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். அவன் விமானம் ஏறிய அன்று வாசலில் நின்று “வாரேன்ளா” என்றான். அவள் தையல் மிஷினை நிறுத்தவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும், அவள் எடுப்பாள். பனி கொட்டுகிறது என்பான். அவள் “நல்லாருக்கேன்” என்பாள். அதற்கு மேல் அவனிடம் எதையும் கேட்பதில்லை.