மூன்றாவது பாட்டில்

பூவராகவனின் சைக்கிள் மணி கேட்டால் போதும், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ஓரத்து டீக்கடைகளுக்கெல்லாம் திடீரென்று சுத்தத்தின் மேல் பக்தி வந்துவிடும். வடைத் தட்டின் மேல் பேப்பர் விழும். கிளாஸ் கழுவிய அழுக்குத் தண்ணீர் வாளி கடைக்குப் பின்னால் ஓடும். பஞ்சாயத்து யூனியனில் அவர் சுகாதார இன்ஸ்பெக்டர். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைப்பது, காலரா ஊசி போடுவது, திருவிழாக் கூட்டத்துக்குக் கக்கூஸ் குழி வெட்டுவது, கலப்படம் பிடிப்பது எல்லாம் அவர் தலையில்தான். கை நீட்ட மாட்டார். அது ஊருக்கே தெரியும்; ஊரைவிட அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பதினோரு வருஷ சர்வீஸில் அவர் போட்ட கேஸ் ஒன்றுகூடத் தோற்றதில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, அவரும் பியூன் யேசுதாசும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ரயிலில் பால்காரர்கள் இறங்குவார்கள். அன்றைக்கு இறங்கியவர்களில் நாலு பேர் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் மறுபக்கமாகத் தண்டவாளத்தில் குதித்துப் போய்விட்டார்கள். செல்லியம்மாள் மட்டும் பித்தளைத் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அவரை நோக்கி நடந்து வந்தாள்.

"இன்னா சார், பால் வேணுமா?"

ஐம்பது வயதிருக்கும். புருஷன் செத்து நாளாகிறது, ஒரே மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஒரு செவலைப் பசு, இரண்டு டீக்கடை வாடிக்கை, அவ்வளவுதான் அவள் பிழைப்பு.

பரிசோதனைக்குப் பாலில் மாதிரி எடுக்க ஒரு முறை இருக்கிறது. பாலைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். மூன்று சம பங்காக்கி, சுத்தமான, ஈரமில்லாத மூன்று பாட்டில்களில் ஊற்றவேண்டும். கெட்டுப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஃபார்மலின் என்ற மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டு, தக்கை வைத்து மூடி, அரக்கு முத்திரை போடவேண்டும். ஒரு பாட்டில் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு. ஒன்று ஆபீஸ் பீரோவில். ஒன்று விற்றவர் கையில். சென்னை ரிப்போர்ட் தப்பென்று தோன்றினால், விற்றவர் கோர்ட்டில் மனுப் போட்டு, தன் பாட்டிலைக் கல்கத்தாவுக்கு அனுப்பச் சொல்லலாம். முத்திரை உடைந்த பாட்டிலைக் கல்கத்தாவில் தொடக்கூட மாட்டார்கள்.

அன்றைக்குப் பையைத் திறந்தால் ஒரு பாட்டில் விரிசல் விட்டிருந்தது. யேசுதாஸ் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து கழுத்து ஒடுங்கிய ஒரு பச்சை பாட்டிலை வாங்கி வந்தார். ஸ்டேஷன் குழாயில் அலசினார், இரண்டு தரம் உதறினார், நீட்டினார். அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் நின்றிருக்கும். பூவராகவன் பார்த்தார். பார்க்காமல் இல்லை. செல்லியம்மாள் போகவேண்டிய கடைகளில் அடுப்பு மூட்டியாகிவிட்டது, சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது, அவருக்கும் பத்து மணிக்கு மீட்டிங். செல்லியம்மாள் காசை எண்ணி முடிப்பதற்குள் பாலை ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டு, முத்திரை போட்டார். அச்சடித்த படிவத்தில் 'சுத்தமான, உலர்ந்த மூன்று பாட்டில்களில்' என்று ஏற்கெனவே இருந்தது. அவர் எழுத வேண்டியிருந்தது கையெழுத்து மட்டும். பச்சை பாட்டிலில் சென்னைச் சீட்டை ஒட்டினார்.

"இது எனுக்கு எதுக்கு சார்?" என்றாள் செல்லியம்மாள், தன் பங்கு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"பத்திரமா வெச்சிக்கோம்மா. கோர்ட்டுல உபயோகப்படும்."

மருந்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. படிவத்தில் இங்கிலீஷில் இருந்தது. அவள் கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள்.

ரிப்போர்ட் மாசியில் வந்தது. நூற்றுக்கு ஆறு பங்கு தண்ணீர் கலந்திருக்கிறது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பூவராகவன் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பங்கு என்றால் ஒரு கரண்டிக்குச் சரியாக வரும். கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மனிதனுக்கு வசதியான யோசனைகள் கூப்பிடாமலே வரும் அல்லவா, அப்படி அவருக்கும் ஒன்று வந்தது: தண்ணீர் விடாத பால்காரி இந்த லைனில் யார் இருக்கிறாள்? இவள் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா? கரண்டி இல்லாவிட்டாலும் தண்ணீர் இருந்திருக்கும். சட்டம் கடுமையாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. குற்றம் ருசுவானால் ஆறு மாதம் ஜெயில். அவர் கேஸ் ஃபைல் பண்ணினார்.

சம்மனை எடுத்துக்கொண்டு போக வேண்டியவர் வேறு ஆள்தான். ஆனால் பங்குனியில் ஆரம்பாக்கத்தில் கிணறுகளுக்கு மருந்து போடப் போனபோது, கால் தானாக அவள் தெருவுக்குப் போனது. அவள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் செல்லியம்மாள். அவள் கையில் பாட்டில். தக்கை வெளியே, அரக்கு தூள்தூளாகத் தரையில்.

"வா சார், நீயும் மோந்து பாரு," என்றாள். கோபமே இல்லை, சந்தோஷமாகக்கூட இருந்தாள். "தண்ணி ஊத்தன பாலுன்னு சொன்னியாமே. தண்ணி ஊத்தன பாலு ரெண்டு நாள் தாங்குமா? ரெண்டு மாசம் ஆச்சு சார்! திரியல, புளிக்கல, புழு வெக்கல. ஆத்தாவே நெசத்தக் காட்டிட்டா. இத்தத் தூக்கிக்கினு வந்து ஜட்ஜி கையில குடுக்கறேன்."

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் பாட்டிலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "வாடை ஒரு மாதிரியா கீது. ஆனா கெடல. அதென்னமோ நெசந்தான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூவராகவன் வாயைத் திறந்தார். மருந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தை தனியாக வராது. 'ஏன்யா முன்னாடியே சொல்லல' என்று கேட்பார்கள், பிறகு பாட்டிலைப் பற்றிப் பேச்சு வரும், பச்சை பாட்டில் வரை அது போகாது என்று யார் கண்டார்கள்? "இதைக் குடிச்சிடாதீங்க," என்று மட்டும் சொன்னார். "கோர்ட் சொத்து." கிணற்று வேலை இருக்கிறது என்று சைக்கிளைத் திருப்பினார்.

ஒன்று மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. கல்கத்தாவுக்கு அனுப்ப அவள் பாட்டில் இனி ஆகாது. தண்ணீர் படாமல் முத்திரையோடு இருக்கும் பாட்டில் ஆபீஸ் பீரோவில் ஒன்றுதான் மிச்சம். அதை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். தினமும் பீரோவைத் திறந்தார், ஃபைல் எடுத்தார், மூடினார். அந்த இரண்டு மாதம் ஊரில் யார் கடையில் எத்தனை ஈ மொய்த்தாலும் அவர் கண்ணில் படவில்லை. வியாதியோ என்று டீக்கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை வைகாசியில் வந்தது. செல்லியம்மாளுக்கு வக்கீல் இல்லை. கூண்டில் ஏறியதும் முந்தானைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து மேலே தூக்கிக் காட்டினாள். "சாமி, நீங்களே பாருங்க. நாலு மாசத்துப் பாலு. இப்போ கறந்தாப்புல கீது."

கோர்ட்டில் இருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரித்தார். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் பூவராகவன் பக்கம் திரும்பினார்.

"இன்ஸ்பெக்டர், பால் ஏன் கெடவில்லை? அந்த அம்மாவுக்கு விளக்குங்கள்."

"மாதிரி எடுக்கும்போது ஃபார்மலின் சேர்ப்போம் சார். எந்தப் பாலாக இருந்தாலும் கெடாது."

செல்லியம்மாள் பாட்டிலை மெல்லக் கீழே இறக்கினாள். "மருந்தா? நீ போட்டதா சார்?" என்றாள். "அன்னிக்கு எங்க ஊட்டாண்ட வந்து நின்னியே. ஊரே மோந்து பாத்துதே. அப்போ சொல்லலியே."

பூவராகவனுக்குக் கூசிப்போனது. நேர்மை நேர்மை என்று பதினோரு வருஷமாக அவர் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த மெடல் அந்த ஒரு கேள்வியில் கழன்று விழுந்தது. லஞ்சம் வாங்காமல் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை, வாயைத் திறப்பதுதான் கஷ்டம் என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

குமாஸ்தா படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "…சுத்தமான, உலர்ந்த மூன்று பாட்டில்களில் சம பங்காக ஊற்றி…"

"இரண்டு," என்றார் பூவராகவன்.

"என்ன?"

"இரண்டுதான் உலர்ந்தது சார். மூன்றாவதை அங்கேயே குழாயில் அலசினோம். அடியில் தண்ணீர் இருந்தது. நான் பார்த்தேன். சென்னைக்குப் போனது அந்தப் பாட்டில்."

யேசுதாஸ் பின் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, இன்ஸ்பெக்டரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். இதைக் கேஸ் போடும் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார். சொல்லியிருக்கலாம் என்று பூவராகவன் ஒப்புக்கொண்டார். கால் மணி நேரத்தில் கேஸ் தள்ளுபடியானது. இன்ஸ்பெக்டரின் நடத்தையைப் பற்றி இலாகாவுக்கு எழுதும்படி தனியாக ஓர் உத்தரவும் ஆனது.

வெளியே வேப்பமரத்தடியில் செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பூவராகவனுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. வேலை போனாலும் போகட்டும், ஒரு பெரிய பாரத்தை இறக்கிவிட்டோம் என்ற நினைப்பில், கொஞ்சம் பெருமையோடுகூட, அவளிடம் போனார்.

"இனிமே பயமில்லேம்மா. நாளைக்கே வழக்கம்போலப் பால் கொண்டு வரலாம். கடைக்காரங்க கிட்ட நானே சொல்றேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பாலு சார்? ஆறு மாசம் உள்ள போட்டுருவாங்கன்னு சொன்னாங்க. நான் உள்ள பூட்டா வாயில்லா ஜீவனுக்கு யாரு தண்ணி காட்டுவா, யாரு கறப்பா? மக ஊட்டுல கட்ட எடமில்ல. போன வெள்ளிக்கெழம தடா ஊரு மாட்டு யாவாரி ஒத்தன் வந்து வாங்கி ஓட்டிக்கினு பூட்டான். கன்னையும் சேத்துதான்."

"திரும்பக் கேட்டா குடுக்க மாட்டானா?"

"அவன் யாரோ, எங்க வித்தானோ." புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நீ இன்னிக்குச் சொன்னத ஒரு வாரம் முன்னாடி சொல்லிக்கினு இருந்தீன்னா, இந்நேரம் சாயங்காலக் கறவைக்கு நான் ஊட்டுக்கு ஓடிக்கினு இருப்பேன் சார்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவள் அவசரப்படவில்லை. அடுத்த ரயிலில் போய்க்கொள்கிறேன் என்று மறுபடியும் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.